குடைக்கு ‘ஆன்’, சீருடைக்கு ‘ஏ’

ஆங்கிலத்தில் குடைக்கும் சீருடைக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். ‘அம்ப்ரெல்லா’, ‘யூனிஃபார்ம்’ இரண்டுமே ‘யு’ என்ற எழுத்தில் தொடங்குகின்றன. ஆனால் குடைக்கு முன்னால் ‘ஆன்’ வர வேண்டும். சீருடைக்கு முன்னால் ‘ஏ’ வர வேண்டும். மாற்றி எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஏன் என்று கேட்டால், ‘யூனிஃபார்ம்’ ஒரு விதிவிலக்கு என்பார்கள்.

நம் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித் தரப்படும் சூத்திரம் இது: ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஐந்து எழுத்துகளில் ஒரு சொல் தொடங்கினால் ‘ஆன்’, மற்ற 21 எழுத்துகளுக்கும் ‘ஏ’. சூத்திரத்துக்குப் பின்னாலேயே ஒரு விதிவிலக்குப் பட்டியலும் வந்துவிடும். பல்கலைக்கழகம், ஐரோப்பியர், மணி நேரம், நேர்மையான மனிதர், ஒருவழிப்பாதை என்று அது நீளும். மாணவர்கள் பட்டியலை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள்.

உண்மையில் அந்தப் பட்டியலில் உள்ள எதுவும் விதிவிலக்கு இல்லை. சூத்திரம்தான் தவறு. ஆங்கில இலக்கணத்தில் விலக்குகள் மிகக் குறைந்த விதிகளில் இதுவும் ஒன்று. அதைக் கண்ணுக்கு உரிய விதியாகச் சொல்லிக் கொடுத்ததால்தான் இத்தனை குழப்பம். அது காதுக்கு உரிய விதி.

எழுத்து அல்ல, ஒலி

ஆங்கிலத்தில் உயிரெழுத்துகள் என்று சொல்லப்படுபவை ஐந்துதான். ஆனால் இங்கிலாந்தின் தென்பகுதிப் பேச்சில் உயிரொலிகள் ஏறக்குறைய 20 இருக்கின்றன. ஐந்து எழுத்துகள் இருபது ஒலிகளுக்கு உழைக்கும்போது எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே விரிசல் விழாமல் இருக்காது. ‘அம்ப்ரெல்லா’வில் ‘யு’ எழுத்து அகர ஒலியைக் கொடுக்கிறது. ‘யூனிஃபார்ம்’ சொல்லில் அதே எழுத்து ‘யூ’ என்று, யகர மெய்யோடு ஒலிக்கிறது. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லின் தலையில் ‘ஹெச்’ எழுத்து நிற்கிறது, ஆனால் ஒலிப்பதில்லை. எனவே விதியை இப்படிச் சொன்னால் போதும்: அடுத்து வரும் ஒலி உயிராக இருந்தால் ‘ஆன்’, மெய்யாக இருந்தால் ‘ஏ’.

‘அடுத்து வரும்’ என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சுட்டுச்சொல் பெயர்ச்சொல்லோடு பொருளால் சேர்ந்தது. ஆனால் அதன் வடிவத்தைத் தீர்மானிப்பது பக்கத்தில் நிற்கும் சொல். ‘ஆன் ஆப்பிள்’ என்போம். அந்த ஆப்பிள் சிவப்பு என்றால் ‘ஏ ரெட் ஆப்பிள்’. ‘ஏ யூனிஃபார்ம்’ என்போம். அந்தச் சீருடை பழையது என்றால் ‘ஆன் ஓல்ட் யூனிஃபார்ம்’. ஆப்பிளும் சீருடையும் மாறவில்லை. இடையில் ஒரு சொல் நுழைந்ததும் ‘ன்’ வருவதும் போவதுமாக இருக்கிறது.

ஏன் இந்த ஏற்பாடு? உயிரொலியை உச்சரிக்கும்போது வாயில் காற்றுக்குத் தடையே இல்லை. மெய்யொலியில் நாக்கோ உதடோ தொண்டையோ காற்றைத் தடுக்கும் அல்லது நெருக்கும். உலக மொழிகள் எல்லாவற்றிலும் காணப்படும் அசை, ஒரு மெய்யும் அதைத் தொடர்ந்து ஓர் உயிரும் சேர்ந்த அசைதான். இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் சந்தித்தால் எங்கே ஓர் அசை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று காதுக்குத் தெளிவாவதில்லை. மொழிகள் இதற்கு விதவிதமாக வழி கண்டிருக்கின்றன. மணி, அடித்தது என்ற சொற்களைச் சேர்க்கும்போது தமிழ் ஒரு யகரத்தை நடுவில் வைத்து ‘மணியடித்தது’ என்கிறது. அதற்கு உடம்படுமெய் என்று பெயரும் வைத்திருக்கிறது. லண்டன்காரர்கள் ‘லா அண்ட் ஆர்டர்’ என்பதை, எழுத்தில் இல்லாத ஒரு ரகரத்தை நுழைத்து, ‘லார் அண்ட் ஆர்டர்’ என்பார்கள். ‘ஆன்’ என்பதன் ‘ன்’ செய்யும் வேலையும் அதுதான். இயல்பான பேச்சில் ‘ஏ’ என்பது ‘ஏ’ என்று முழுசாக ஒலிப்பதில்லை. அழுத்தமே இல்லாத ஒரு குறுகிய ‘அ’ அது. ‘ஆன் ஆப்பிள்’ என்பதும் ‘அ-னாப்பிள்’ என்றுதான் வாயிலிருந்து வரும். மெய்யின் மேல் உயிர் ஏறிக்கொள்கிறது.

சேர்ந்ததல்ல, தேய்ந்தது

பாடப்புத்தகங்கள் ‘ஏ’ என்பதை மூலமாகவும், உயிரொலி வரும்போது அதோடு ஒரு ‘ன்’ சேர்க்கப்படுவதாகவும் காட்டுகின்றன. வரலாறு இதற்கு நேர் எதிர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இப்போதைய பொருளில் இப்படி ஒரு சொல்லே கிடையாது. இருந்தது ‘ஆன்’ என்ற எண்ணுப்பெயர். பொருள்: ஒன்று. ஜெர்மன் மொழியின் ‘ஐன்’, லத்தீனின் ‘ஊனுஸ்’ எல்லாம் அதன் உறவுகள். எண்ணுப்பெயர் நாளடைவில் எண்ணிக்கைப் பொருளை இழந்து ‘ஏதோ ஒரு’ என்ற பொருளுக்கு இறங்குவது பல மொழிகளில் நடப்பதுதான். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று கதை தொடங்கும்போது நாமும் ராஜாக்களை எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

பொருள் மெலிந்ததும் உச்சரிப்பும் மெலிந்தது. 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மெய்யொலிக்கு முன்னால் வரும் ‘ஆன்’ தன் ‘ன்’னை இழக்கத் தொடங்கியது. 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான மெய்களுக்கு முன்னால் ‘ன்’ மறைந்துவிட்டது. யகர, வகர ஒலிகளுக்கு முன்னால் மட்டும் 15-ஆம் நூற்றாண்டு வரை சில வட்டாரங்களில் தங்கியிருந்தது. ஹகரத்துக்கு முன்னால் இன்னும் நெடுநாள் நின்றது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலிய மொழிபெயர்ப்பில் வீட்டுக்கும் நூறுக்கும் முன்னால்கூட ‘ஆன்’ வருவதைப் பார்க்கலாம். ஆக ‘ஏ’தான் குறைந்த வடிவம். ‘ஆன்’ என்பது, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பிழைத்துக்கொண்ட மூலம்.

அதே காலத்தில் வேறு சில சொற்களுக்கும் இதே கதி நேர்ந்தது. ‘என்னுடைய’ என்பதைக் குறிக்கும் ‘மைன்’, மெய்யொலிக்கு முன்னால் ‘மை’ ஆனது. ‘எதுவுமில்லை’ என்ற பொருளுடைய ‘நன்’, ‘நோ’ ஆனது. பிறகு ‘மை’ எல்லா இடங்களையும் பிடித்துக்கொண்டது. இப்போது கண்ணுக்கு முன்னால் ‘மைன்’ போடுவது பழைய கவிதைகளில் மட்டும்தான். ‘ஆன்’ மட்டுமே தன் பாதி இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

எண்ணாகவே நீடித்த ‘ஆன்’ இன்னொரு பாதையில் போனது. அதன் ஆகாரம் ஓகாரமானது. ‘ஒன்லி’, ‘அலோன்’ ஆகிய சொற்களில் அந்தப் பழைய ஒலி இன்றும் இருக்கிறது. தனியாக நின்ற சொல்லில் மட்டும், சில வட்டார வழக்குகளில் முன்னால் ஒரு வகரம் முளைத்து, பின்னர் எங்கும் பரவி, ‘வன்’ என்றாகிவிட்டது. எழுத்து மாறவில்லை. அதனால்தான் எழுத்தில் ‘ஓ’வில் தொடங்கும் அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘ஏ’ போடுகிறோம். 1611-இன் மொழிபெயர்ப்பில் அதற்கும் ‘ஆன்’தான்.

ஆங்கிலத்தோடு எந்தக் குடும்ப உறவும் இல்லாத ஹங்கேரிய மொழியிலும் இதே பாணி உண்டு. ‘அந்த’ என்று சுட்டும் அதன் சொல் உயிருக்கு முன்னால் முழுதாக நிற்கும். மெய்க்கு முன்னால் கடைசி மெய்யை உதறிவிட்டு வெறும் ‘அ’ ஆகிவிடும். உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே தீர்வுக்கு வந்திருக்கின்றன என்றால், காரணத்தை மனித வாயின் அமைப்பில்தான் தேட வேண்டும்.

கட்சி மாறிய ‘ன்’

அழுத்தமில்லாத ‘ஏ’யும் ‘ஆன்’னும் எழுத்தில் மட்டும்தான் தனிச்சொற்கள். பேச்சில் அவை அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் இடைவெளி கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த காலத்தில் இதனால் ஒரு சிக்கல் வந்தது. ‘அன’ என்று காதில் விழுந்தால் அந்த ‘ன்’ முன்சொல்லுக்குச் சொந்தமா, பின்சொல்லுக்குச் சொந்தமா? கேட்டவர்கள் பல முறை தவறாகப் பிரித்தார்கள். அந்தத் தவறுகள் இன்று அகராதியில் இருக்கின்றன.

கிரிக்கெட் ‘அம்பயர்’ அப்படிப் பிறந்தவர்தான். பழைய பிரெஞ்சு மொழியில் ‘நோன்பெர்’ என்றால் இணையற்றவர், அதாவது இரு தரப்பிலும் சேராத மூன்றாமவர். 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது நகர ஒலியோடுதான் நுழைந்தது. ‘ஏ நூம்பெர்’ என்பதை மக்கள் ‘ஆன் ஊம்பெர்’ என்று பிரித்துக்கொண்டார்கள். 15-ஆம் நூற்றாண்டில் தலையெழுத்து போய்விட்டது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ‘ஏப்ரன்’ முன்பு ‘நாப்ரன்’ ஆக இருந்தது. துணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. அதன் உடன்பிறப்பான ‘நாப்கின்’ நகரத்தை விடாமல் வைத்திருக்கிறது. விரியன் பாம்புக்கான ‘ஆடர்’ என்ற சொல்லும் தலையை இழந்ததுதான். ஜெர்மானியர்கள் இன்றும் ‘நாட்டர்’ என்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் ‘ன்’ போயிருக்கிறது. ‘ஈக்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் ‘கூட, மேலும்’. கூடுதலாக வைத்த பெயர் ‘ஈக்நேம்’. ‘ஆன் ஈக்நேம்’ என்பதன் ‘ன்’ பின்னால் தாவி, ‘ஏ நிக்நேம்’ ஆகிவிட்டது. பட்டப்பெயருக்கே இப்படி ஒரு பட்டப்பெயர் கதை. குளங்களில் வாழும் ‘நியூட்’ என்ற சிறு நீர்நிலவாழ் உயிரி, முன்பு நகரம் இல்லாத ‘எயூட்’ ஆக இருந்தது.

ஆரஞ்சும் இப்படித்தான் இங்கிலாந்தில் நகரத்தை இழந்தது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. சமஸ்கிருதத்தில் ‘நாரங்க’, பாரசீகத்தில் ‘நாரங்’, அரபியில் ‘நாரஞ்ச்’ என்று மேற்கே போன சொல் அது. அதன் வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்பது அறிஞர்கள் பலர் ஏற்கும் கருத்து. நம் நாரத்தையும் மலையாளத்தின் நாரங்ஙாவும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. ஸ்பானிய மொழியில் நகரம் இன்றும் உண்டு. இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளில்தான் அது உதிர்ந்தது. அங்கேயும் ‘ஒரு’ என்பதற்கான சொல் ‘ன்’ ஒலியில் முடிவதால் இதே குழப்பம் நேர்ந்திருக்கலாம். ஆங்கிலத்துக்குள் ஆரஞ்சு நுழைந்தபோது அது ஏற்கெனவே மொட்டையாகத்தான் இருந்தது.

ஹகரத்தின் தகராறு

இந்த விதியில் படித்தவர்களே சண்டை போட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது ‘ஹெச்’ எழுத்து. ஹகர ஒலி மெய்தான் என்றாலும் மிக மெலிந்த மெய். உதடும் நாக்கும் எந்த வேலையும் செய்வதில்லை. தொண்டையிலிருந்து காற்று உரசிக்கொண்டு வருகிறது, அவ்வளவே. கொஞ்சம் அசந்தால் காணாமல் போய்விடும்.

லத்தீனில் இருந்த ஹகரம் பிரெஞ்சுக்கு வருவதற்குள் செத்துவிட்டது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் கடன் வாங்கிய மணி நேரம், நேர்மை, மரியாதை, வாரிசு ஆகிய சொற்களில் எழுத்து உண்டு, ஒலி இல்லை. அதனால் அவற்றுக்கு ‘ஆன்’. இதே வழியில் வந்த மருத்துவமனை முதலிய சொற்களில், எழுத்தைப் பார்த்துப் படித்தே மக்கள் ஹகரத்தை உயிர்ப்பித்துவிட்டார்கள். மூலிகையைக் குறிக்கும் ‘ஹெர்ப்’ பாதிவழியில் நிற்கிறது. இங்கிலாந்தில் ஹகரம் ஒலிக்கும், எனவே ‘ஏ ஹெர்ப்’. அமெரிக்காவில் ஒலிக்காது, எனவே ‘ஆன் எர்ப்’. இருவரும் ஒரே விதியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்பதற்கான ‘ஹிஸ்டாரிக்’ இன்னும் நுட்பமானது. ‘ஹிஸ்டரி’யில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. அதனால் ஹகரம் திடமாக ஒலிக்கும். யாரும் ‘ஆன் ஹிஸ்டரி’ என்று எழுதுவதில்லை. ‘ஹிஸ்டாரிக்’ சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. முதல் அசை மெலிகிறது. ஏற்கெனவே மெலிந்த ஹகரம் மேலும் மெலிகிறது. அதனால்தான் சில ஆங்கிலேயர்கள் இன்றும் அதற்கு முன்னால் ‘ஆன்’ போடுகிறார்கள். இரண்டாம் அசையில் அழுத்தம் விழும் ‘ஹோட்டல்’ சொல்லுக்கும் ஒரு காலத்தில் ‘ஆன்’ வழக்கத்தில் இருந்தது. இப்போது பெரும்பாலானவர்கள் ஹகரத்தைத் தெளிவாகச் சொல்வதால் இரண்டுக்கும் ‘ஏ’யே போதும். ஹகரத்தை அழுத்திச் சொல்லிக்கொண்டே ‘ஆன்’ போடுவது வெறும் பகட்டு.

ஐரோப்பியருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் 18-ஆம் நூற்றாண்டு நூல்களில் ‘ஆன்’ வருவதுண்டு. அவற்றின் முதல் ஒலி முன்பு ‘இஉ’ என்று உயிரில் தொடங்கியது. பின்னர் இகரம் யகரமாக இறுகிவிட்டது. பேனா மட்டும் பழைய பழக்கத்தைக் கொஞ்ச காலம் விடாமல் இருந்தது.

தமிழில் எழுதிப் பார்த்தால்

தமிழருக்கு இந்த விஷயத்தில் ஓர் அனுகூலம் உண்டு. தமிழ் எழுத்து ஒலியை ஒட்டி நடப்பது. ஆங்கிலச் சொல்லை மனத்துக்குள் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் ‘ஆன்’. உயிர்மெய்யாக இருந்தால் ‘ஏ’. யூனிஃபார்ம், யுனிவர்சிட்டி, யூரோப்பியன் எல்லாம் யகரத்தில் தொடங்குவது பளிச்சென்று தெரியும். அம்ப்ரெல்லா, ஆனஸ்ட் எல்லாம் உயிரில் தொடங்குவதும் தெரியும்.

சுருக்கெழுத்துப் பெயர்களில் இது இன்னும் கைகொடுக்கும். எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர்., எல்.ஐ.சி., ஆர்.டி.ஐ., எஸ்.எம்.எஸ்., எக்ஸ்ரே ஆகியவை ஆங்கிலத்தில் மெய்யெழுத்துகளில் தொடங்குபவை. தமிழில் எழுதினாலோ அனைத்தும் உயிரில் தொடங்குகின்றன. எனவே ‘ஆன் எம்.எல்.ஏ.’. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் 12-இன் பெயர்கள் உயிரொலியில் தொடங்குகின்றன. உயிரெழுத்து என்று பெயர் வாங்கிய ‘யு’ அந்த 12-இல் இல்லை! எனவே ‘ஏ யு.பி.எஸ்.’. எழுத்து எழுத்தாகப் படிக்காமல் சொல்லாகவே படித்தால் கணக்கு மாறும்: எஸ்.எம்.எஸ்.-க்கு ‘ஆன்’, சிம் கார்டுக்கு ‘ஏ’. எண்களும் அப்படித்தான். 8, 11, 18, 80 ஆகியவை உயிரில் தொடங்குவதால் ‘ஆன்’. மற்ற எண்களில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஏ’. கணினிக்கும் இதே பாடம்தான். எழுத்தைப் பார்த்து முடிவு செய்யும் நிரல் ‘ஏ அவர்’ என்று பிழை செய்யும். உச்சரிப்பு அகராதி கையில் இருந்தால்தான் தப்பிக்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1,30,000-க்கும் மேற்பட்ட சொற்களின் உச்சரிப்பைக் கொண்ட அத்தகைய அகராதி ஒன்றை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் நம் தமிழ்ச் சோதனை சில இடங்களில் சறுக்கும். எங்கே சறுக்கும் என்பதை நன்னூல் படித்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம். தமிழில் எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. வகரம் உ, ஊ, ஒ, ஓ ஆகியவற்றோடு சேர்ந்து சொல்லின் முதலில் வராது. யகரம் இ, ஈ, எ, ஏ, ஐ, ஒ ஆகியவற்றோடு சேர்ந்து முதலில் வராது. எனவே அத்தகைய ஒலிகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் வாய் தன் வழக்கப்படி திருத்திக்கொள்கிறது. மரக்கட்டை ‘உட்’ ஆகிறது. உட்லண்ட்ஸ் என்று பெயர்ப்பலகையும் வைத்துவிடுகிறோம். கம்பளி ‘உல்லன்’ ஆகிறது. ஒரு நாள் கிரிக்கெட் ‘ஒன்டே மேட்ச்’ ஆகிறது. புத்தாண்டு வாழ்த்து ‘நியூ இயர்’ ஆகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் முதல் ஒலி மெய். ‘ஏ’தான் வர வேண்டும்.

நெருக்கத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு சோடிகள். காதுக்கும் ஆண்டுக்கும் நாம் சொல்வது ஒரே ‘இயர்’. கிழக்கு திசைக்கும் ரொட்டியைப் புளிக்கவைக்கும் பூஞ்சைக்கும் நாம் சொல்வது ஒரே ‘ஈஸ்ட்’. ஆங்கிலேயர் காதில் இவை வெவ்வேறு சொற்கள். ஆண்டிலும் பூஞ்சையிலும் யகரம் கேட்கும். ‘ஆன் இயர்’ என்றால் காது, ‘ஏ இயர்’ என்றால் ஆண்டு. சொல்லில் நாம் தொலைத்த யகரத்தை முன்னால் நிற்கும் ‘ஏ’தான் காட்டிக்கொடுக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பேச்சுத்தமிழில் எலி ‘யெலி’ ஆகும். ஒட்டகம் ‘வொட்டகம்’ ஆகும். அதே பழக்கத்தில் முட்டையை ‘யெக்’ என்றும் பழையதை ‘வோல்ட்’ என்றும் சொல்பவர்களுக்கு, ‘ஆன் எக்’ என்பதைவிட ‘ஏ யெக்’ என்பதுதான் நாக்குக்குச் சுகம். அவர்கள் விதியை மீறவில்லை. விதி அவர்களுடைய உச்சரிப்புக்கு ஒழுங்காக வேலை செய்கிறது, உச்சரிப்புதான் வேறு. ‘ஹெச்’ எழுத்தின் பெயரும் அப்படியே. பிரிட்டனின் பொது வழக்கில் அது ‘எய்ச்’, எனவே ‘ஆன் எய்ச்.ஆர். மேனேஜர்’. நம்மைப் போலவும் அயர்லாந்துக்காரர்களைப் போலவும் ‘ஹ’ சேர்த்துச் சொல்பவர்களின் வாயில் ‘ஏ’தான் பொருந்தும். எழுத்தில் ‘ஆன்’ போட்டுவிட்டு ‘ஹெச்’ என்று படிக்கும்போதுதான் நெருடும்.

கடைசி நொடியில் எடுக்கும் முடிவு

பேசும்போது இந்த முடிவை மூளை எப்போது எடுக்கிறது? அடுத்த சொல்லின் முதல் ஒலி தெரியாமல் எடுக்க முடியாது. ஆனால் அந்தச் சொல் இன்னும் வாய்க்கு வரவில்லை. இதை ஆராய வாய்தவறிய பேச்சு ஒரு நல்ல சாளரம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பணியாற்றிய மொழியியலாளர் விக்டோரியா ஃப்ராம்கின் இத்தகைய நாப்பிழைகளைத் திரட்டி 1971-இல் புகழ்பெற்ற ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் ‘ஏ கரன்ட் ஆர்க்யுமென்ட்’ என்று சொல்ல வந்தார். முதல் சொல்லின் ககரம் நழுவி இரண்டாம் சொல்லின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் வாயிலிருந்து வந்தது: ‘ஆன் அரன்ட் கர்க்யுமென்ட்’. ககரம் இடம்மாறியது பிழை. ஆனால் ‘ஏ’ என்பது ‘ஆன்’ ஆனது பிழையல்ல, துல்லியமான திருத்தம். ‘அரன்ட்’ என்றொரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. அதற்கு எது பொருந்தும் என்று அவர் எங்கும் கற்றிருக்க முடியாது. என்றாலும் புதிதாக வந்து நின்ற அகரத்துக்கு ஏற்ப ‘ன்’ தானாக வந்து சேர்ந்தது. அப்படியானால் மூளை முதலில் ‘இங்கே ஒரு சுட்டுச்சொல் வேண்டும்’ என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. பிறகு சொற்களின் ஒலிகளை வரிசைப்படுத்துகிறது. வரிசை உறுதியான பிறகே ‘ஏ’யா ‘ஆன்’னா என்ற முடிவு வருகிறது. மனப்பாடம் செய்த பட்டியலால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

கேட்பவரின் பக்கமும் ஆராயப்பட்டிருக்கிறது. ஒரு வாக்கியத்தில் எதிர்பாராத சொல் வந்தால், சுமார் 400 மில்லி நொடியில் மூளையின் மின்னலையில் ஒரு சரிவு தெரியும் என்று மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980-இல் கண்டறிந்தார்கள். 2005-இல் குட்டாஸும் கேத்ரின் டிலாங், தாமஸ் உர்பாக் ஆகியோரும் இதைக் கொண்டு ஓர் அழகான சோதனை செய்தார்கள். காற்று வீசும் நாள், சிறுவன் வெளியே போகிறான், பறக்கவிடப்போகிறான் என்று வாக்கியம் போகும்போது எல்லோரும் பட்டத்தை எதிர்பார்ப்பார்கள். பட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஏ கைட்’. அந்த இடத்தில் ‘ஆன்’ வந்தால்? பட்டம் வரப்போவதில்லை என்ற குறிப்பு, பெயர்ச்சொல் வரும் முன்பே கிடைத்துவிடுகிறது. ‘ஆன்’ என்ற இடத்திலேயே மின்னலை சரிந்தது என்று அவர்கள் அறிவித்தார்கள். வரப்போகும் சொல்லின் முதல் ஒலியைக்கூட மூளை முன்னதாகக் கணித்து வைக்கிறது என்பதற்கு இது வலுவான சான்றாகக் கருதப்பட்டது.

2018-இல் மான்டே நியூலண்ட் தலைமையில் 9 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, 334 பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தன. பெயர்ச்சொல்லில் தெரிந்த விளைவு உறுதியானது. ‘ஏ’, ‘ஆன்’ இடத்தில் சொல்லப்பட்ட விளைவு அதே வலுவோடு கிடைக்கவில்லை. முடிவு இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் அந்த விவாதத்தில் எழுந்த ஒரு வாதம் நம் விதியின் உயிர்நாடியைத் தொடுகிறது. ‘ஆன்’ வந்துவிட்டது என்பதற்காகப் பட்டம் வராது என்று எப்படி முடிவு கட்டுவது? ‘ஆன் ஓல்ட் கைட்’ என்று பழைய பட்டமாக வரலாமே! அடுத்து நிற்கும் ஒலி மட்டுமே ‘ஆன்’னைத் தீர்மானிக்கிறது. ஆகவே அது அதற்கு அப்பால் உள்ள பெயர்ச்சொல்லைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்வதில்லை. மூளையும் அதை நம்பி அவசரப்படாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

தேய்வது நிற்கவில்லை

ஒன்று என்ற எண்ணைக் குறிக்கும் சொல்லுக்கு இரண்டு வடிவம் வைத்துக்கொண்டு, அடுத்த ஒலியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் தமிழில் ஆங்கிலத்தைவிட மிகப் பழையது. தொல்காப்பியத்தின் குற்றியலுகரப் புணரியல் இதை விதியாகவே சொல்கிறது. ஒரு, இரு என்பவற்றின் பின் உயிர் வந்தால் கடைசி உகரம் கெட்டு, முதலெழுத்து நீளும்: ஓர், ஈர். ஓர் ஆண்டு, ஈராயிரம். ஆங்கிலத்தில் மெய் வரும்போது ‘ன்’ உதிர்கிறது. தமிழில் உயிர் வரும்போது உகரம் உதிர்கிறது. வழி வேறு, தீர்த்துக்கொண்ட சிக்கல் ஒன்றுதான்.

இரண்டு மொழிகளிலும் பேச்சு இப்போது எழுத்தைவிட்டு விலகிப் போகிறது. ‘ஓர் ஊரில்’ என்று பத்திரிகை ஆசிரியர் திருத்துவார்; வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. லண்டனின் கிழக்குப் பகுதியான டவர் ஹேம்லெட்ஸில் வங்கதேசக் குடும்பங்களின் இளைஞர்களுடைய பேச்சை ஆராய்ந்த சூ ஃபாக்ஸ், அவர்களிடையே ‘ஏ ஆப்பிள்’ வழக்கு பரவியிருப்பதைப் பதிவு செய்தார். பல மொழிகள் கலந்து வாழும் லண்டன் வட்டாரங்களில் ஜென்னி செஷயர், பால் கெர்ஸ்வில் ஆகியோருடன் அவர் செய்த ஆய்வுகளிலும் இது தென்பட்டது. அங்கே இரண்டு உயிர்களுக்கு நடுவே ‘ன்’ இல்லை. அதற்குப் பதிலாகத் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கிறார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ஆங்கிலத்திலும் இது உண்டு. அதைச் சோம்பேறித்தனம் என்று ஆசிரியர்கள் கண்டிக்கலாம். ஆனால் உயிரும் உயிரும் மோதாமல் இருக்க ஒரு தடுப்பு வேண்டும் என்ற பழைய தேவை அவர்கள் பேச்சிலும் அப்படியே இருக்கிறது. தடுப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மாற்றம் எழுத்துக்கு வரும்வரை, தேர்வு எழுதும் மாணவருக்கு ஒரு பட்டியலும் தேவையில்லை. அடுத்த சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும். ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: விதிவிலக்குகளை ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதிலாக, ஆண்டுக்கும் ஈஸ்ட் பூஞ்சைக்கும் யகரத்தையும், ஒருநாள் ஆட்டத்துக்கு வகரத்தையும் சேர்த்து உச்சரிக்கப் பழக்கிவிட வேண்டும். உச்சரிப்பு சரியானால் ‘ஏ’யும் ‘ஆன்’னும் தாமாகவே அமையும்.